புள்ளி நாலு இரண்டு

இரண்டு ராத்திரி ஓட்டாமல் நிறுத்தினால்
மூன்றாம் நாள் சாவிக்கு
'டிக்' என்று ஒரே பதில்.
அப்புறம் அதுவும் இல்லை.

குதாயிசி நகரத்து ஜனவரி.
ரியோனி ஆறு இருக்கிற இடத்தில் வெறும் பனிமூட்டம்.
விடிவதற்குள் ரிகோத்திக் கணவாய்ச் சாலையோரம்
கடை விரித்தாக வேண்டும் நான்.
திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்த
அக்ரூட் சரங்கள்.
சுர்ச்கேலா என்போம்,
மெழுகுவத்தி போலத் தொங்கும்.
டிரக் டிரைவர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள்.
ஏழு மணிக்கு நான்
பக்கத்து வீட்டு நர்கீஸாவின் வாசலில்
ஜம்பர் ஒயருக்காக.
மூன்றாவது தடவை அவள்
ஒயரோடு தன் கார் சாவியையும் நீட்டினாள்.
"உன்கிட்டயே இருக்கட்டும், லமாரா.
என்னைத் தூங்கவிட்டால் போதும்."

கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய சர்வீஸ் சென்டரில்
கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள்.
பார்த்த கூலி எண்பது லரி.
மாற்ற வேண்டியது ஏதோ மாடியூல்,
தொள்ளாயிரத்துச் சொச்சம்.
காரையே மூவாயிரத்துக்குத்தான் வாங்கினேன்,
ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்ததை.
காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்,
அதையாவது விடுவானேன்.

டயர் கடைக்குப் பின்னால், பழைய கப்பல் கண்டெய்னரில்,
கோச்சா.
போர்டு கிடையாது. அடுப்பில் கெட்டில் மட்டும்.
"என்ன கோளாறு" என்று அவன் கேட்கவில்லை.
"எவ்வளவு முடியும்?" என்றான்.
முப்பது.
"சரி, முப்பதுக்குள்ளே தேடுவோம்."

பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தான்.
பூட்டினான். உட்காரச் சொன்னான்.
"வண்டி தூங்கட்டும்.
அப்போதுதான் தெரியும்
யார் முழித்திருக்கிறார்கள் என்று."
இருபது நிமிடம்.
எண் இறங்கி இறங்கி
புள்ளி நாலு இரண்டில் நின்றுவிட்டது.
புள்ளி பூஜ்யம் மூன்றுக்குப் போக வேண்டுமாம்.

பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
ரேடியோ. அசையவில்லை.
ஹாரன், ஹீட்டர்.
பிடுங்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஒரு விலை ஓடியது.
பதினொன்றாவதில் எண் சரிந்தது.
"உள்விளக்கு" என்றான்.
எந்த விளக்கும் எரியவில்லையே?
"நமக்குத் தெரிகிற விளக்கு எதுவும்."

என் போனை வாங்கி வீடியோவைப் போட்டு
டிக்கிக்குள் வைத்து மூடினான்.
ஒரு நிமிடம்.
எடுத்துப் பார்த்தோம், தலையோடு தலை முட்டி.
மூடி இறங்குகிறது, தாழ்ப்பாள் விழுகிறது,
இருட்டவில்லை.
என் சாக்குகள், தராசு, கத்தி,
நிழலோடு தொங்கும் என் சரங்கள்,
எல்லாம் பளிச்சென்று.
நான் சுவிட்சை அணைத்து,
கரண்ட் பில்லுக்குப் பயந்து இருட்டில் பல் துலக்கிய
அத்தனை ராத்திரியும்
இங்கே ஆளில்லாத கடை நடந்திருக்கிறது.

தாழ்ப்பாளுக்குள் பொடி சுவிட்ச் ஒன்று.
அமுங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
கோச்சா நகத்தால் சுரண்டினான்,
முகர்ந்தான், நாக்கில் வைத்தான்.
"நல்ல பாகு" என்றான்.
"உன்னுடையதுதான்."

கெட்டில் வெந்நீர். பழைய டூத்பிரஷ்.
ஃப்யூஸைத் திரும்பப் போட்டதும்
புள்ளி பூஜ்யம் மூன்று.
பதினைந்து லரி.
இரண்டு சரம் நீட்டினேன்,
ஒன்றை எடுத்துக்கொண்டான்.
"மற்றது பக்கத்து வீட்டுக்காரிக்கு" என்றான்.
நர்கீஸாவைப் பற்றி நான் எப்போது சொன்னேன்?
சொல்லியிருப்பேன். அந்த இருபது நிமிடத்தில்
எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி நம்பிக்கையில்லாமல்
போனை மறுபடி டிக்கியில் வைத்தேன்.
ஒரு நிமிடம் பதினேழு விநாடி:
சுத்தமான இருட்டு.
மூடிக்கு வெளியே பனியில் காத்து நிற்கிற
யாரோ ஒருத்தியின் இருமல்.
இன்னும் அழிக்கவில்லை அதை.